ஆற்றின் கணக்கு: எஃப்.ஏ.ஓ. நன்னீர் மீன்பிடிப் புள்ளிவிவரச் சேவை குறித்து ஒரு மதிப்புரை

உலகக் கடல்களில் மீன்வளம் எப்படி இருக்கிறது என்று கேட்பவருக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம்: 2021ஆம் ஆண்டு நிலவரப்படி, மதிப்பிடப்பட்ட கடல்மீன் கூட்டங்களில் 37.7 விழுக்காடு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு வருகின்றன. ஆறு, ஏரி, குளம், சதுப்புநிலம் ஆகியவற்றின் மீன்வளம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அப்படியொரு விடை கிடைக்காது. கிடைப்பதெல்லாம் எந்த நாடு எந்த ஆண்டில் எத்தனை டன் பிடித்தது என்னும் கணக்கு. அந்தக் கணக்கை உலகளவில் தொகுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இலவசமாகத் தருவது ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, அதாவது எஃப்.ஏ.ஓ., நடத்தும் ஃபிஷ்ஸ்டாட் என்னும் புள்ளிவிவரச் சேவை. நன்னீர் மீன்வளத்தைப் பற்றி எங்கே எது எழுதப்பட்டாலும் அதன் அடியில் இருக்கும் எண் பெரும்பாலும் இங்கிருந்து போனதாகவே இருக்கும் என்பதால், இந்தச் சேவையை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதைப் பயன்படுத்துபவரின் பக்கத்திலிருந்து எடைபோட்டுச் சொல்வது தேவை என்று கருதுகிறேன்.

சேவையை அணுக இரண்டு வழிகள் உள்ளன. ஃபிஷ்ஸ்டாட்-ஜே என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டு தரவுத் தொகுப்புகளை அதனுள் இறக்கிப் பார்க்கலாம். அல்லது எதையும் நிறுவாமல் இணையதளத்திலேயே நாடு, ஆண்டு, மீன்வகை, மீன்பிடிப் பகுதி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து அட்டவணையாக எடுத்துக்கொள்ளலாம். கடல்களைப் போலவே கண்டங்களின் உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் பகுதி எண்கள் உண்டு: ஆப்பிரிக்காவுக்கு 01, ஆசியாவுக்கு 04, ஐரோப்பாவுக்கு 05 என்று போகிறது. 1950 முதல் ஆண்டுவாரியாகக் கணக்கு இருக்கிறது. வெட்டிச் சுத்தம் செய்த எடையோ உலர்த்திய எடையோ அல்லாமல், மீன் நீரிலிருந்து வெளியே வந்தபோது இருந்த எடையையே எல்லா இடத்திலும் அளவாக வைத்திருப்பதால், கருவாடாக விற்கும் நாட்டையும் பச்சை மீனாக விற்கும் நாட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. புதிதாக வருபவருக்கு வடிகட்டும் முறை பிடிபடச் சற்று நேரமாகும், பிடிபட்டபின் தொல்லையில்லை. எண்கள் வெளியாகும்போது ஏறத்தாழ இரண்டு ஆண்டு பழையவையாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம் அதன் நீளம். எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரே தொடர்ச்சியான வரிசை நன்னீர் மீன்பிடிப்புக்கு வேறெங்கும் இல்லை. அதன்படி 2022ஆம் ஆண்டில் உலகின் உள்நாட்டு நீர்நிலைகளில் பிடிக்கப்பட்ட மீன் 1.13 கோடி டன். அதில் 63 விழுக்காடு ஆசியாவிலும் 29 விழுக்காடு ஆப்பிரிக்காவிலும் பிடிபட்டது. மற்றக் கண்டங்கள் எல்லாம் சேர்ந்து எஞ்சிய சிறுபங்கு. நாடுகளில் இந்தியா 19 லட்சம் டன்னுடன் முதலிடத்திலும், வங்கதேசம் 13 லட்சம் டன்னுடன் இரண்டாமிடத்திலும், சீனா 12 லட்சம் டன்னுடன் மூன்றாமிடத்திலும் இருந்தன. கடலில் பிடிபடும் சுமார் 8 கோடி டன்னுக்கு முன் இது சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் இந்த மீன் பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போவதில்லை, தீவனமாக அரைபடுவதுமில்லை. பிடித்த இடத்திற்குப் பக்கத்திலேயே மனிதர்கள் உண்டுவிடுகிறார்கள். 2016இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு, 15.8 கோடி மக்களின் மொத்த விலங்குப் புரதத் தேவைக்கு ஈடான உணவை நன்னீர் மீன்பிடிப்பு தருகிறது என்று கணித்தது. அதே ஆய்வு, நன்னீர் மீன்வரத்தில் 90 விழுக்காடு சராசரியைவிட அதிக நெருக்கடிக்கு உள்ளான ஆற்றுப் படுகைகளிலிருந்தே வருகிறது என்றும் காட்டியது. அதிகம் தரும் ஆறுகளே அதிகம் அடிபடும் ஆறுகளாகவும் இருக்கின்றன என்னும் இந்தச் செய்தி, இந்த அட்டவணையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

எண்ணைப் படிக்கும்போது எப்படி வழுக்கி விழ வாய்ப்பிருக்கிறது என்பதற்குச் அட்டவணையில் சீனாவுக்குரிய வரியே சிறந்த பாடம். ஒரு காலத்தில் 20 லட்சம் டன்னைத் தாண்டியிருந்த அதன் நன்னீர் மீன்பிடிப்பு, சில ஆண்டுகளில் மளமளவென்று 12 லட்சம் டன்னுக்கு இறங்குகிறது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் மீன்வளம் சரிந்துவிட்டது என்று எழுதிவிடுவார். நடந்தது வேறு. யாங்சி ஆற்றில் 2021 ஜனவரி 1 முதல் பத்தாண்டுகளுக்கு மீன்பிடிப்பு தடை செய்யப்பட்டது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் வலையை விட்டு வேறு பிழைப்புக்குப் போனார்கள். அந்த ஆற்றுக்கே உரிய சீனத் துடுப்புமூக்கு மீன் கடைசியாகக் காணப்பட்டது 2003இல். அது அற்றுப்போனதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆற்றில் மீன் அழிந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அட்டவணையின் எண் உயரமாக நின்றது. ஆற்றுக்கு மூச்சுவிட அவகாசம் கொடுத்த ஆண்டுகளில் அது சரிந்தது. இந்தச் சேவை தருவது பிடிப்பின் அளவு. நீருக்குள் எஞ்சியிருப்பதன் அளவு அல்ல. இதை மறந்தால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

இனி அட்டவணையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஏதேனுமொரு வெப்பமண்டல நாட்டின் உள்நாட்டு மீன்பிடிப்பைத் தேர்ந்தெடுத்து, மீன்வகை வாரியாகப் பிரிக்கச் சொன்னால், மேலே சில கெண்டை வகைகள், திலேப்பியா, சில கெளுத்தி வகைகள் என்று பெயருள்ள வரிகள் வரும். அவற்றின் எண்கள் பெரும்பாலும் சிறியவை. கீழே வந்தால் 'வேறெங்கும் சேர்க்கப்படாத நன்னீர் மீன்கள்' என்று ஒரு வரி நிற்கும். பல நாடுகளில் மேலே உள்ள எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. உலகில் அறியப்பட்ட மீனினங்களில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 18,000 இனங்கள், நிலப்பரப்பில் மிகச் சிறு பங்கான நன்னீரில் வாழ்கின்றன. அத்தனை பன்மையும் இந்த ஒற்றை வரிக்குள் பெயரில்லாமல் போய்விடுகிறது. ஓரினம் அற்றுப்போய் அதன் இடத்தில் வேறோர் இனம் பெருகினால், இந்த வரியில் ஓர் இலக்கம்கூட மாறாது. கடலில் ஒரு வகை மீனைத் தேடிப் போகும் கப்பல், பிடித்ததன் பெயரைப் பதிவு செய்கிறது. ஆற்றில் ஒரே இழுப்பில் முப்பது வகை ஏறும்போது அவற்றைக் கலப்பு மீன் என்று ஒரே கூடையில் கொட்டுவது இயல்பு. குறையை எஃப்.ஏ.ஓ.வின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. கூடையில் கலந்ததை ரோமில் இருக்கும் தலைமையகத்தில் பிரிக்க முடியாது.

எண்களுக்குப் பக்கத்தில் நிற்கும் சிறு குறியீடுகளைப் பலரும் கவனிப்பதில்லை என்பது என் கவலை. ஒரு நாடு அவ்வாண்டுக்குக் கணக்கு அனுப்பாவிட்டால், முந்தைய ஆண்டுகளையும் கிடைத்த பிற தகவல்களையும் வைத்து எஃப்.ஏ.ஓ.வே மதிப்பிட்டு நிரப்பி, அது மதிப்பீடு என்பதைக் காட்ட ஒரு குறியும் இடுகிறது. இந்த நேர்மையை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தரவை இறக்கி வரைபடமாக்கும்போது குறி உதிர்ந்துவிடுகிறது. எண் மட்டும் அளந்து எடுத்ததைப்போல நிற்கிறது. நாடுகள் தாமே அனுப்பும் எண்களிலும் சிக்கல் உண்டு. மியான்மரின் மீன்பிடிப்பு ஆண்டுதோறும் தடையில்லாமல் உயர்ந்துகொண்டே போனதாகப் பதிவாகி வந்தது. 2008இல் நர்கீஸ் புயல் அந்நாட்டின் கடற்கரையையும் ஐராவதிக் கழிமுகத்தையும் சூறையாடிய ஆண்டில்கூட உயர்வு நிற்கவில்லை. அந்த எண்கள் உண்மையான அளவைவிட உற்பத்தி இலக்குகளையே ஒட்டியிருந்தன என்று தெரியவந்து, பிற்பாடு எஃப்.ஏ.ஓ.வும் அந்நாட்டு மீன்வளத் துறையும் சேர்ந்து பழைய எண்களைக் கீழ்நோக்கித் திருத்தின. வெளியிட்ட எண்ணைப் பின்னோக்கிப் போய்த் திருத்தும் துணிவு உள்ள சேவையை நம்பலாம். அதே காரணத்தால், சென்ற ஆண்டு இறக்கிவைத்த கோப்பை இவ்வாண்டும் அப்படியே எடுத்தாள்வது பிழையாகிவிடும்.

மிகைக் கணக்கைவிடக் குறைக் கணக்கே நன்னீரில் பெரிய நோய். படகுத்துறையிலும் ஏலக்கூடத்திலும் எடை போடப்படும் மீன்தான் அரசின் ஏட்டில் ஏறும். வெள்ளம் வடியும்போது வயலில் தங்கிய மீனை அள்ளும் குடும்பம், வாய்க்காலில் கூடை கவிழ்க்கும் பெண்கள், பள்ளி விட்டதும் தூண்டிலோடு ஓடும் சிறுவர்கள் ஆகியோர் பிடிப்பதை எந்த அதிகாரியும் எடை போடுவதில்லை. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 42 நாடுகளின் குடும்ப உணவுக் கணக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டு, மக்கள் உண்டதாகச் சொன்ன நன்னீர் மீனிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது. அந்நாடுகளில் உண்மையான மீன்பிடிப்பு, பதிவான அளவைவிடச் சுமார் 65 விழுக்காடு அதிகமாக இருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. பிடிப்பவரைக் கேட்காமல் அடுப்படியைக் கேட்ட இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கில் வராத மீன் வெறும் புள்ளிவிவரக் குறை அல்ல; அணை கட்டும் திட்டத்தில் இழப்பையும் ஆதாயத்தையும் நிறுக்கும்போது ஏட்டில் இல்லாத மீனுக்கு எடையே இல்லாமல் போகிறது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று சொல்லி வளர்ந்த நமக்கு, ஆற்றிலிருந்து எடுப்பதை அளக்காமல் விட்டதன் விலை இப்போது புரிகிறது.

ஆனாலும், எல்லா மீனையும் ஒன்று விடாமல் எடை போட்டாலும் தீராத குறை ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கம்போடியாவின் தொன்லே சாப் ஆற்றைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மேக்கொங் பெருகும்போது இந்த ஆறு திசை மாறிப் பின்னோக்கி ஓடித் தொன்லே சாப் ஏரியை நிரப்புகிறது. மழை நின்றபின் மீண்டும் திரும்பி, ஏரியில் கொழுத்த மீன்களை மேக்கொங்குக்குக் கொண்டுபோகிறது. அந்தத் திரும்பும் வெள்ளத்தில், ஆற்றின் குறுக்கே வரிசையாக நங்கூரமிட்ட மேடைகளிலிருந்து 'தாய்' எனப்படும் பெரிய பைவலைகளை விரிக்கிறார்கள். வாய் அகலமாகவும், போகப் போகக் குறுகி, கடைசியில் சிறு கண்ணியுள்ள மடியாகவும் முடியும் வலை அது. நீரோட்டமே மீனை உள்ளே தள்ளுவதால் வலையை யாரும் இழுக்க வேண்டியதில்லை; மடியைத் தூக்கிக் கொட்டினால் போதும். பருவம் உச்சத்தில் இருக்கும்போது, பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில், கொட்டி முடித்து இறக்குவதற்குள் மடி மீண்டும் நிறைந்துவிடும். கொட்டியதில் பெரும்பாலானவை விரல் நீளமுள்ள வெள்ளிநிறப் பொடிமீன்கள்.

இந்தத் தாய் வலைகளின் பதிவேடு இனவாரியாக ஒழுங்காகப் பேணப்பட்டு வந்ததால், 2000 முதல் 2015 வரையிலான மீன்பிடிப்பை ஆய்வாளர்கள் இனம் இனமாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. 116 இனங்களில் 78 விழுக்காட்டின் வரத்து குறைந்துவந்தது. குறைந்தவை பெரும்பாலும் நடுத்தர, பெரிய மீன்கள். சில பொடிமீன் வகைகள் மட்டும் பெருகின. மெதுவாக வளர்ந்து, பல ஆண்டு கழித்துச் சினை பிடிக்கும் பெரிய மீன் முதலில் காலியாகிறது. ஓராண்டுக்குள் வளர்ந்து முட்டையிட்டு முடிக்கும் சிறிய மீன் அந்த இடத்தை நிரப்புகிறது. எனவே ஆற்றின் உள்ளே குடும்பமே மாறிப்போனபின்னும் மொத்த எடை பெரிதாக அசைவதில்லை. உலக அட்டவணையில் இந்த மாற்றத்தின் நிழல்கூட விழாது. ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள நன்னீர்த் திருக்கை ஒன்று 2022 ஜூனில் இதே கம்போடியாவின் மேக்கொங்கில் பிடிபட்டு, உலகில் இதுவரை பதிவான மிகப் பெரிய நன்னீர் மீன் என்று அறியப்பட்டது. அதை அளந்து, அடையாளக் கருவி பொருத்தி ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். அந்த மீனுக்கும் ஒரு கூடைப் பொடிமீனுக்கும் டன் கணக்கில் வேறுபாடு தெரியாது.

விக்டோரியா ஏரியின் கதையும் இதைப்போன்றதே. 1950களிலும் 1960களிலும் கொண்டுவந்து விடப்பட்ட நைல் பெர்ச் என்னும் பெரிய வேட்டை மீன், 1980களில் பெருகி, அந்த ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறு மீனினங்களை அருகச் செய்தது. பல அடியோடு மறைந்தன. அதே ஆண்டுகளில் ஏரியைச் சுற்றியுள்ள தான்சானியா, உகாண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகளின் மீன்பிடிப்பு எண்கள் ஏறுமுகம் காட்டின. இன்று அந்த ஏரியின் வரத்தில், எடைப்படி, டகா என்னும் சின்னஞ்சிறு மீனே பெரும்பங்கு. எண்ணை மட்டும் வைத்திருந்தால் அந்தப் பேரழிவை வெற்றிக்கதையாக எழுதியிருப்போம்.

நாடுவாரிக் கணக்கு என்னும் அமைப்பே ஆற்றுக்குப் பொருந்தாதது. ஆரல் கடலின் மீன்பிடித் தொழில், அதில் விழும் ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால், 1980களின் தொடக்கத்தில் முற்றிலும் நின்றுபோனது. இருபதாம் நூற்றாண்டின் பெரிய நன்னீர் மீன்வள அழிவுகளில் ஒன்றான இதை அட்டவணையில் தேடினால் தனியாகக் கிடைக்காது. அது சோவியத் ஒன்றியத்தின் ஒற்றைத் தொகைக்குள் கரைந்திருக்கிறது. 2005இல் கோக்கரால் அணை கட்டி ஏரியின் வடபகுதியைத் தனியே காத்தபின் உப்பு குறைந்து மீன் திரும்பியதும் அவ்வாறே கசகஸ்தானின் தொகைக்குள் மறைகிறது. நன்னீர் மீனின் வாழ்வைத் தீர்மானிப்பவை அணை, பாசனம், மணல் அள்ளுதல், கழிவுநீர், வெள்ளம் வராத ஆண்டு ஆகியவை. வலை இவற்றுக்கு அடுத்தபடிதான். இவற்றில் எதுவும் நாட்டு எல்லையைப் பார்த்து நிற்பதில்லை.

இந்தக் குறையை எஃப்.ஏ.ஓ. உணராமல் இல்லை. அண்மை ஆண்டுகளில் அது முக்கிய மீன்பிடி ஆற்றுப் படுகைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின்மீதுள்ள அச்சுறுத்தல்களை மதிப்பிடும் வரைபடம் ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் மதிப்பீட்டில் உள்நாட்டு மீன்பிடிப்பில் 55 விழுக்காடு நடுத்தர நெருக்கடியிலும் 17 விழுக்காடு கடும் நெருக்கடியிலும் இருப்பதாகத் தெரிந்தது. டன் அட்டவணையைவிட இதையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆயினும் இரண்டும் தனித்தனியே நிற்கின்றன: நாட்டைச் சொடுக்கினால் டன் வருகிறது, படுகையைப் பார்த்தால் நெருக்கடி வருகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாலமில்லை.

தவறாமல் செய்யப்படும் பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இதே சேவையில் மீன் வளர்ப்புக் கணக்கும் இருக்கிறது. 2022இல் உள்நாட்டு மீன் வளர்ப்பின் விளைச்சல் 5.91 கோடி டன். பிடிப்பைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். 'மொத்த உற்பத்தி' என்ற தொகுப்பைத் திறந்தால் இரண்டும் கலந்தே வரும். பண்ணைக் குளத்தில் தீவனம் போட்டு வளர்த்த கெண்டையின் பெருக்கத்தை ஆற்று மீனின் நலமாகக் காட்டும் கட்டுரைகளை அடிக்கடி படிக்கிறேன். 'பிடிப்பு' என்ற தொகுப்பை மட்டும் தேர்ந்தெடுப்பது அந்தத் தவறைத் தவிர்க்கும்.

துணைக்கு வேறு சேவைகளையும் வைத்துக்கொள்வது நல்லது. இனங்களின் பெயர், அளவு, வாழிடம், இனப்பெருக்கப் பருவம் ஆகியவற்றுக்கு ஃபிஷ்பேஸ் இணையதளம் போதும். எந்த இனம் எந்த அளவுக்கு ஆபத்தில் இருக்கிறது என்பதற்கு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) செம்பட்டியல் இருக்கிறது, எஞ்சியுள்ள 26 ஸ்டர்ஜன் இனங்களும் அழிவின் அச்சுறுத்தலில் இருப்பதாக 2022இல் அறிவித்தது அந்தப் பட்டியலே. இடம்பெயரும் நன்னீர் மீன்களின் கூட்டங்கள் 1970க்கும் 2020க்கும் இடையில் சராசரியாக 81 விழுக்காடு சுருங்கிவிட்டன என்ற, 2024இல் வெளியான கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே ஐம்பதாண்டுகளின் டன் வரைபடத்தைப் பாருங்கள். ஒன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது.

நல்ல கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அமேசானில் ஒரு சான்று உண்டு. பிரேசிலின் மாமிராவா காப்பகத்தில், பிரருக்கு என்று அழைக்கப்படும் அரப்பைமா மீனை மீனவர்களே எண்ணுகிறார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் இந்த மீன் காற்றைச் சுவாசிக்க அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். ஆளுக்கொரு பரப்பைப் பிரித்துக்கொண்டு, ஓடத்தில் அசையாமல் அமர்ந்து, இருபது நிமிடத்துக்குள் மேலே வந்து மூச்சு வாங்கும் ஒவ்வொரு மீனையும் பார்வையாலும் ஒலியாலும் கணக்கிடுகிறார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்டவை முதிர்ந்தவை, அதற்குக் குறைந்தவை இளையவை. முதிர்ந்தவற்றில் 30 விழுக்காட்டுக்கு மேல் அவ்வாண்டு பிடிக்க அனுமதியில்லை. 1999 முதல் இந்த முறையில் பிடித்தும், அங்கே மீன் பெருகியிருக்கிறது. பிடித்ததை எண்ணுவதற்கு முன் இருப்பதை எண்ணுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

ஃபிஷ்ஸ்டாட் சேவையை ஆய்வு மாணவருக்கும் செய்தியாளருக்கும் கொள்கை வகுப்போருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: நாடுகளின் போக்கை ஒப்பிடவும், யாங்சித் தடையைப் போன்ற ஒரு முடிவு எவ்வளவு பெரியது என்று அளக்கவும் இதைப் பயன்படுத்தலாம், ஓர் ஆறு நலமாக இருக்கிறதா என்று கேட்க இதைத் திறக்கக்கூடாது. சேவையை நடத்துவோரிடம் இரண்டு வேண்டுகோள்கள் இருக்கின்றன. மதிப்பீட்டுக் குறி, எண்ணைவிட்டுப் பிரியாதபடி இறக்கும் கோப்பிலும் வரைபடத்திலும் வேறு நிறத்தில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். நாடுகளுக்கு ஆண்டுதோறும் அனுப்பும் படிவத்தில் 'எந்த ஆற்றுப் படுகை' என்ற கட்டம் ஒன்று சேர வேண்டும். முதலாவதை எஃப்.ஏ.ஓ. தானே செய்துவிட முடியும். இரண்டாவதற்கு ஒவ்வொரு படுகையையும் பகிரும் நாடுகள் எல்லாம் இசைய வேண்டும். மேக்கொங்கைப் பொறுத்தவரை சீனாவிலிருந்து வியட்நாம் வரை ஆறு நாடுகள்.